அக்டோபரில் விற்றதை ஜூலையில் வாங்குவது ஏன்? நைஜர் நாட்டுக் காராமணிக் கணக்கு

[காட்சி: கம்பு வயல், இடையிடையே படர்ந்த காராமணிக் கொடி. திரையில் வரைபடம்: நைஜர், மராடி]

காராமணி, அதாவது தட்டைப்பயறு விளைச்சலில் நைஜீரியாவுக்கு அடுத்த இடம் மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜருக்கு. தெற்கே மராடி, சிண்டர் பக்கம் கம்புக்குள் ஊடுபயிராக அதைத்தான் போடுகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. அந்த மாதங்களில் சந்தை முழுக்க மூட்டை, விலை அடிமட்டம். ஜூன் பிறந்தால் வீட்டில் தானியம் தீர்ந்துவிடும். மழை பெய்து களை மண்டி, வயலில் உடம்பு நோக வேலை செய்ய வேண்டிய நேரமும் அதுதான். அப்போது அதே குடும்பம் சந்தைக்குப் போய், தான் விற்ற பயறையே கூடுதல் விலை கொடுத்து வாங்கும்.

2005-இல் நைஜரில் நடந்தது இந்தச் சுழற்சியின் உச்சம். 2004-இல் வறட்சி, கூடவே வெட்டுக்கிளி. ஆனாலும் நாட்டின் மொத்தத் தானியப் பற்றாக்குறை தேவையில் ஏறக்குறைய 7.5 சதவீதம்தான். சந்தையில் கம்பு இருந்தது. வாங்கத்தான் கையில் காசில்லை. கம்பு விலை ஏற ஏற ஆடுமாட்டின் விலை சரிந்ததால், ஒரு ஆட்டை விற்றால் கிடைக்கும் கம்பு மாதாமாதம் குறைந்துகொண்டே போனது.

அப்படியானால் அக்டோபரில் ஏன் விற்கிறார்கள்? விவரம் தெரியாமல் இல்லை. காரணம் இரண்டு: வண்டு, கடன்.

[காட்சி: காராமணி மணி ஒன்று, மிக அருகில். தோல்மேல் வெள்ளைப் புள்ளி]

இந்த வெள்ளைப் புள்ளி பயறு வண்டின் முட்டை. நம்மூர் தட்டைப்பயறிலும் பச்சைப்பயறிலும் ஓட்டை போடுவது இதே வண்டுதான். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். முட்டையிலிருந்து வரும் புழு நேரே மணிக்குள் துளைத்து இறங்கி, பருப்பைத் தின்றபடியே வளரும். மூன்று, நான்கு வாரத்தில் வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். வண்டு எதையும் தின்னாது. இணை சேர்ந்து முட்டையிடுவதோடு அதன் வேலை முடிந்தது. வயலிலேயே நாலைந்து மணியில் முட்டை ஒட்டிக்கொண்டு மூட்டைக்குள் வந்துவிடும். நான்கைந்து தலைமுறை கழிந்தால் மூட்டையில் மாவும் சக்கையும்தான் மிஞ்சும். ‘வண்டு தின்பதற்குள் விற்றுவிடலாம்’ என்று நினைப்பதில் தப்பே இல்லை.

சிலர் நச்சு வாயுவை விடும் பாஸ்பைன் மாத்திரையைப் படுக்கும் அறையிலுள்ள மூட்டைக்குள்ளேயே போடுகிறார்கள். அது வண்டோடு ஆளையும் கொல்லும். சரியான மாற்று, மூன்றடுக்குப் பை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக் குழு 1980-களின் இறுதியில் கேமரூனில் உருவாக்கிய முறை இது. 2007 முதல் மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பப்பட்டது.

[காட்சி: பை பிரித்துக் காட்டப்படுகிறது]

உள்ளே 80 மைக்ரான் கனத்தில் இரண்டு பாலித்தீன் பை, வெளியே சாதாரண நெய்த சாக்கு. மருந்து கிடையாது. இறுகக் கட்டியதும் உள்ளிருக்கும் ஆக்சிஜனை வண்டும் புழுவுமே இழுத்துத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் குறைந்ததும் புழு தின்பதை நிறுத்துகிறது. இதற்குத் தண்ணீர் கிடைப்பதே தின்ற மாவு உடம்புக்குள் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போதுதான். அது நின்றால் வறண்டு சாகும். வண்டு அதிகம் இருந்தால் ஆக்சிஜன் வேகமாகத் தீரும் என்பது இதில் ஒரு வேடிக்கை.

செய்முறைக்கு வருவோம். பயறைத் தூற்றி, நெற்றுத் துண்டையும் குச்சியையும் பொறுக்கி எடுங்கள். அந்தக் குச்சிதான் பையைக் குத்தும். பாலித்தீன் பையில் காற்றை அடைத்து, வாயை முறுக்கிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். காற்று கசிந்தால் அந்தப் பை ஆகாது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பையைச் செருகி, பயறைக் கொட்டக் கொட்ட மூட்டையை ஆட்டிக் குலுக்கி இறுக்க வேண்டும். மேலே ஒரு முழம் விட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, உள்பையின் வாயை முறுக்கி, மடக்கி, கயிற்றால் இறுகக் கட்டுங்கள். அடுத்த பையைத் தனியாக, சாக்கைத் தனியாக. மூன்றையும் சேர்த்து ஒரே முடிச்சுப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு.

இரண்டு மாதம் திறக்கக் கூடாது. திறக்கிறபோதெல்லாம் புதுக்காற்று போகும், குற்றுயிராக இருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும். அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மூட்டையைத் தனியே ஒதுக்கிவிட்டு மற்றதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மரப்பலகைமேல், சுவரை ஒட்டாமல், வெயில் படாமல் அடுக்குங்கள். எலி கடித்திருக்கிறதா என்று அறிய வெளிச்சாக்கை மட்டும் பார்த்தால் போதாது, உள்பையையும் பார்க்க வேண்டும்.

ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். மராடியின் வறட்டுக் காற்றில் இது பெரிய சிக்கல் இல்லை. இரண்டு மழைக்காலம் உள்ள நாடுகளில் இதுதான் முதல் சிக்கல். 2004-இல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தில் பூஞ்சணம் சுரக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஏறி 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். சோதிக்க, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் தானியத்தோடு ஒரு கரண்டி காய்ந்த உப்பைப் போட்டுக் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இன்னும் காய வேண்டும்.

[காட்சி: மண்சுவர்க் கிடங்கு, கதவில் இரண்டு பூட்டு]

பை, வண்டைத்தான் நிறுத்தும். அறுவடையானதும் பணம் கேட்டு வரும் கடன்காரரை நிறுத்தாது. அதற்கு நைஜரில் 1999-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் (எஃப்.ஏ.ஓ.) திட்டம் ஒன்று தொடங்கிவைத்த ஏற்பாடு, விளைச்சலை அடகு வைத்துக் கடன் வாங்கும் வாரன்டாஜ். தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் தரும் பொருளீட்டுக் கடனுக்கு நெருங்கிய உறவு. உழவர் குழு ஊர்க் கிடங்கில் மூட்டைகளை அடுக்கும். ஒரு சாவி குழுவிடம், இன்னொன்று கடன் தரும் நிறுவனத்திடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அன்றைய விலையில் 80 சதவீதம் வரை பணம் கிடைக்கும். அதில் பழைய கடனை அடைத்து, மீதியில் வெங்காயம் போடுவார்கள், கிடா வாங்கிக் கொழுக்க வைப்பார்கள், பெண்கள் கடலை எண்ணெய் ஆட்டி விற்பார்கள்.

கணக்குக்காக ஒரு மூட்டை 15,000 பிராங்க் (நைஜரின் பணம்) என்று வைத்துக்கொள்வோம். கடன் 12,000. மாதம் 2 சதவீத வட்டியில் ஆறு மாதத்துக்கு 1,440, கிடங்குச் செலவு 500. விலை 24,000 ஆனால் எல்லாம் போக 10,060 மிஞ்சும். முதலில் வாங்கிய 12,000-ஐயும் சேர்த்தால் மொத்தம் 22,060. விலை ஏறவே இல்லை என்றால் மொத்தம் 13,060, அதாவது அறுவடையன்றே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தைவிட 1,940 நட்டம். 16,940 தாண்டினால்தான் லாபம்.

விலை ஏறாமல் போவதும் உண்டு. நைஜர் காராமணியில் பெரும்பங்கு எல்லை தாண்டி நைஜீரியாவுக்குப் போகிறது, முக்கியமாகக் கானோவின் தவானாவ் சந்தைக்கு. அங்கே நைஜீரியப் பணமான நைராவின் மதிப்பு விழுந்தால் மராடியிலும் விலை விழும். ஆகவே வீட்டுப் பயறு முழுவதையும் கிடங்கில் பூட்டுவது அபாயம், ஜூலை வரை அடுப்புக்கு வேண்டியதை முதலில் வீட்டிலேயே மூன்றடுக்குப் பையில் கட்டிவிட்டு மீதியை மட்டும் அடகு வைக்க வேண்டும். மீதியே இல்லாத குடும்பத்துக்கு வாரன்டாஜ் எதுவும் செய்யாது. இதைப் பரப்பப் போகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுவதும் இதைத்தான்.

குழு கையெழுத்துப் போடுமுன் இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டும். பணம் எப்போது கைக்கு வரும்? ஜனவரியில் வந்தால் பாதிப்பேர் அதற்குள் விற்றிருப்பார்கள், நவம்பருக்குள் வர வேண்டும். எப்போது திருப்பிக் கட்ட வேண்டும்? மார்ச் என்றால் விலை உச்சம் தொடுமுன் கதவு திறந்துவிடும். மே கடைசிக்குக் குறையாமல் கேளுங்கள்.