புல்லை உலர்த்தி எடை போடுங்கள்

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

புல்லிலிருந்து எரிபொருள் எடுக்கலாமாமே, நம் செம்மண் காட்டில் போடலாமா என்று காரைக்குடிப் பக்கத்து விவசாயிகள் கேட்கிறார்கள். எடுக்கலாம். அசாமில் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்க ஆலையே கட்டியிருக்கிறார்கள். மூங்கிலும் புல் இனம்தான், கரும்பும் அப்படியே. ஆனால் எந்தப் புல், எவ்வளவு தண்ணீரில் என்று பார்க்காமல் இறங்கக் கூடாது.

கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டிய தீவனப் புல்லான கம்பு நேப்பியரை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் என்கிறார்கள். பொய்யில்லை. நல்ல மண்ணும் உரமும் ஆண்டு முழுக்கப் பாசனமும் இருந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். ஆனால் அது பச்சை எடை. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். உலர்ந்தால் நிற்பது 30 டன் அளவுதான். ஆலை 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வாடகை கொடுத்துத் தண்ணீரைத்தான் ஏற்றி அனுப்புகிறோம்.

நம் சீமையில் ஆண்டு மழையே சுமார் 900 மில்லிமீட்டர். கண்மாய் எல்லா வருஷமும் நிறைவதில்லை. ஆகவே ஏக்கருக்கு எத்தனை டன் என்பதைவிட, ஒரு கிலோ உலர்புல்லுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற கணக்குதான் இங்கே முதலில் வரவேண்டும். கொழுக்கட்டைப் புல் விளைச்சலில் நேப்பியருக்குக் கிட்டவே வராது. ஆனால் மானாவாரியில் தாக்குப்பிடித்து, மழை விழுந்ததும் துளிர்க்கும்.

அப்புறம், எதற்காக வளர்க்கிறோம்? புல்லைச் செரிக்க வைத்து வாயு எடுக்கும் எரிவாயுக் கலனுக்கு இளம்புல் நல்லது, சீக்கிரம் செரிக்கும். எத்தனாலுக்குப் புல்லின் நார்ப்பொருளான செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்க வேண்டும். புல் முற்ற முற்ற, தண்டை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் ஏறி அதற்குக் குறுக்கே நிற்கும். பாய்லரில் எரிக்க முற்றிக் காய்ந்த புல்தான் வேண்டும். அங்கே பொட்டாசியமும் குளோரினும் சிலிக்காவும் தொல்லை. சாம்பல் உருகிக் குழாய்களில் கட்டிதட்டிவிடும்.

காட்டாமணக்கை மறந்துவிடாதீர்கள். 2003-ல் திட்டக்குழு பயோடீசலுக்கு அதைப் பரிந்துரைத்தது. தரிசில் தானாகக் காய்க்கும் என்று நம்பி நாடெங்கும் நட்டார்கள். தண்ணீரும் உரமும் இல்லாத இடத்தில் எதிர்பார்த்த காய்ப்பு வரவில்லை. அந்த ஏமாற்றம் இன்னொரு முறை விவசாயி தலையில் விழுவதை என்னால் ஏற்க முடியாது.

அதனால் பத்து ஏக்கருக்கு முன் பத்து சென்டில் போட்டுப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் பாயாத மேட்டில் நேப்பியர், கினியா, கொழுக்கட்டை என்ற மூன்று புல்லையும் பக்கம்பக்கமாக வையுங்கள். ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு கிலோவை எடுத்து, எடை இனி குறையாது என்கிற வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். சித்திரை, வைகாசி தாண்டி எத்தனை தூர் உயிரோடிருக்கிறது என்று குறித்து வையுங்கள். வீட்டு மாட்டுக்குப் போக மிஞ்சுவதை மட்டும் விற்பனைக் கணக்கில் சேருங்கள். இரண்டு கோடையாவது பார்த்தபின் ஆலைக்காரரிடம் பேசுங்கள். விலை பச்சை எடைக்கா, உலர் எடைக்கா என்பதை அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.