தீக்காக்கை முதுகைத்தான் காட்டும்

வணக்கம் மக்களே, கிடைத்துவிட்டது! கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் எடுத்த போன வீடியோவில் 11 விநாடி ஒரு பழுப்பு முதுகைக் காட்டி இது யார் என்று கேட்டிருந்தேனே, பாதிப் பேர் குயில் என்றுகூட எழுதியிருந்தீர்கள், அது பெண் தீக்காக்கை, ஆங்கிலத்தில் மலபார் ட்ரோகன் என்கிற காட்டுப் பறவை. நேற்றுக் காலை ஜோடியாகவே பார்த்துவிட்டேன், படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

பெயரில் தீ இருப்பதால் எல்லோரும் காட்டுக்குள் சிவப்பைத் தேடுகிறோம். நானும் மூன்று முறை வந்து அதைத்தான் தேடினேன். ஆணுக்குத் தலை கறுப்பு, மார்பில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே வயிறு முழுக்கச் சிவப்பு. ஆனால் ஆள் அரவம் கேட்டால் அந்தச் சிவப்பை மறைத்து முதுகைத் திருப்பிக்கொள்ளும், அப்புறம் அசையவே அசையாது. உடம்பு அப்படியே இருக்க, தலையை மட்டும் மெல்லத் திருப்பி நம்மைப் பார்க்கும். கழுத்து 190 டிகிரி வரை திரும்பும். பெண்ணுக்கோ சிவப்பே கிடையாது, வயிறு மங்கிய காவி நிறம். அதனால் சிவப்பை விடுங்கள், கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்த பழுப்பு முதுகையும் கீழே தொங்கும் நீள வாலையும் தேடுங்கள்.

நாமும் அசையாமல் நிற்க வேண்டும், அதற்குத்தான் அட்டை கடிக்காமல் காலில் மாட்டும் இந்த உறை. முந்தின நாள் கோடை மழை, தரையெல்லாம் அட்டை. போன தடவை ஒரு கடையில் 450 ரூபாய் கொடுத்து வாங்கிய அட்டை உறை இரண்டாம் நாளே தையல் விட்டு, முழங்காலுக்குக் கீழே ஏழு இடத்தில் கடி. இந்த முறை எங்கள் தெரு தையல்காரரிடம் காடாத் துணி கொடுத்து, முழங்கால் வரை, மேலே நாடா வைத்துத் தைத்தேன். துணியோடு சேர்த்து 130 ரூபாய்! 40 நிமிடம் ஒரே இடத்தில் நின்றேன், ஒரு கடிகூட இல்லை. இதோ பாருங்கள், தையல் இரட்டையாக ஓடுகிறது.

சரி, பறவைக்கு வருகிறேன். ஜோடி அங்கே இருந்த காரணத்தைச் சொல்லவில்லையே. பிப்ரவரி முதல் மே வரைதான் பெரும்பாலும் கூடு கட்டும் காலம். உளுத்துப்போன மரத்தை அலகால் கொத்திப் பொந்து செய்யும், முடிய ஒரு மாதம்கூட ஆகும். உள்ளே மெத்தையெல்லாம் இல்லை, மரத்தூள் மேலேயே இரண்டு முட்டை. நேற்று கொத்திக்கொண்டிருந்தது பெண்தான். அந்த மரம் எங்கே என்று தயவுசெய்து கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். செல்போனில் அதன் குரலை ஓடவிட்டு வரவழைப்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அதுவும் கூடு வைக்கும் நேரத்தில்.

காக்கை என்று பெயர் இருந்தாலும் காக்கைக்கு உறவில்லை. மலையாளத்திலும் தீக்காக்கதான், எங்கள் வழிகாட்டி அண்ணன் அப்படித்தான் கிசுகிசுத்தார். டாப்சிலிப் பக்கமும் இருக்கிறது, கோவைக்காரர்கள் அங்கேயே முயன்று பார்க்கலாம்.

ஐயோ, அது உடம்பைச் சொறிந்ததைச் சொல்லவே இல்லை! கிளையைப் பிடிக்க அதற்கு இரண்டு காலும் வேண்டும். அதனால் சொறிய வேண்டுமென்றால் வயிற்றைக் கிளைமேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் ஒரு காலை எடுக்கும். ஆண் நேற்று அதைச் செய்தது. 6 விநாடிதான் கிடைத்தது, இப்போது போடுகிறேன், வலது ஓரத்தைப் பாருங்கள்.