நாகோயாவில் நிற்கும் இரண்டு வண்டிகள்

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானில் நாகோயா நகரில் ஒரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2011இல் திறந்தார்கள். அங்கே நான் பார்த்த இரண்டு வண்டிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நுழைந்ததும் வெளிச்சம் குறைந்த ஒரு கூடம். உலக சாதனை படைத்த மூன்று வண்டிகள் அங்கே நிற்கின்றன. ஒன்று 2003இல் மணிக்கு 581 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட, காந்த விசையில் மிதந்து ஓடும் ரயில். இன்னொன்று 1996இல் 443ஐத் தொட்ட சோதனை ரயில். நான் அதிக நேரம் நின்றது மூன்றாவதன் முன்னால். சி-62 என்கிற கறுப்பு நீராவி இன்ஜின். அதன் சக்கரமே 1.75 மீட்டர், கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம்! தண்டவாளங்களுக்கு இடையே அகலம் குறைந்த பாதையில் ஓடியே 1954இல் 129 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் ஷிமா ஹிதேயோ.

அப்புறம் பெரிய கூடத்துக்குப் போனால், உருண்டை மூக்கும் நீலப் பட்டையுமாக ஷிங்கன்சென் என்கிற ஜப்பானிய அதிவேக ரயிலின் முதல் வண்டி. அதற்கும் தலைமைப் பொறியாளர் அதே ஷிமாதான். இன்ஜின் கட்டியே பேர் வாங்கியவர், இந்த ரயிலுக்குத் தனி இன்ஜினே வேண்டாம் என்றார். கனத்த இன்ஜின் தண்டவாளத்தைப் பாழாக்கும். அதனால் மோட்டார்களைப் பெட்டிக்குப் பெட்டி பிரித்து வைத்தார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

அவருடைய அப்பா ஷிமா யசுஜிரோவும் ரயில்வே பொறியாளர். 1,067 மில்லிமீட்டர் பாதையை 1,435 ஆக அகலப்படுத்த வேண்டும் என்று வருடக்கணக்கில் வாதாடினார். 1919இல் அரசு அதைக் கைவிட்டதும் வேலையை விட்டு விலகினார். 1939இல் அகலப்பாதை அதிவேக ரயிலுக்கான குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். போர் வந்து அதுவும் நின்றது. 1946இல் காலமானார். ஆனால் அந்தத் திட்டத்துக்காகக் குடையத் தொடங்கிய ஷின்-தன்னா சுரங்கத்தின் வழியாகத்தான் பிறகு மகனின் ரயில் ஓடியது.

மகனுக்கு மட்டும் எல்லாம் சுலபமாக நடந்ததா? இல்லை. செலவு மதிப்பிட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963இல் ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜி பதவி விலக, ஷிமாவும் கூடவே வெளியேறினார்.

1964 அக்டோபர் 1, காலை 6 மணி. டோக்கியோ நிலையத்தில் ரிப்பன் வெட்டி, ஒசாகாவுக்கு முதல் வண்டியை அனுப்பிவைத்தார்கள். அந்த மேடையில் ஷிமா இல்லை, அவரை யாரும் அழைக்கவில்லை. தன் ரயில் கிளம்புவதை வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார்.