கழிவுநீர் கீரைப் பாத்திக்குப் போவதற்கு முன்: கலிபோர்னியாவின் பாசன விதிகள்

[காட்சி: காலைப் பனிமூட்டம். வரிசை வரிசையாக லெட்டூஸ் கீரை. வயலோரம் ஊதா நிறக் குழாய், அருகில் ஓர் அறிவிப்புப் பலகை.]

வணக்கம். நீங்கள் பார்ப்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கடலோரத்தில் இருக்கும் காஸ்ட்ரோவில் என்ற சிற்றூரின் வயல்கள். இந்தக் கீரையை யாரும் சமைப்பதில்லை. அலசிவிட்டுப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். இதற்குப் பாயும் நீரில் பெரும்பங்கு, சுற்றியுள்ள ஊர்களின் கழிவறைகளிலிருந்தும் குளியலறைகளிலிருந்தும் வந்த கழிவுநீர்.

கேட்டதும் முகம் சுளிக்கத் தோன்றும். இங்குள்ள விவசாயிகளுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் அவர்களுடைய கிணறுகள் உப்பாகிக்கொண்டிருந்தன. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1940களிலேயே அரசு ஆவணங்களில் இது பதிவாகிவிட்டது. கடலோரத்தில் பயிர் செய்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

[காட்சி: சோதனை வயல். ஆர்ட்டிசோக், பிராக்கோலி, காலிஃபிளவர், செலரி, லெட்டூஸ்.]

சுத்திகரித்த கழிவுநீரை இத்தகைய பயிர்களுக்குப் பாய்ச்சலாமா என்று அறிய, 1976இல் ஓர் ஆய்வைத் திட்டமிட்டார்கள். 1980 முதல் 5 ஆண்டுகள் வயலில் பயிர் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாத்திக்குக் கிணற்று நீர். மற்றவற்றுக்கு இரண்டு முறைகளில் சுத்திகரித்த கழிவுநீர். வடிகட்டும் அமைப்பு வைரஸை உண்மையிலேயே பிடிக்கிறதா என்று அறிய, பலவீனமாக்கப்பட்ட தடுப்பு மருந்து வகைப் போலியோ வைரஸை வேண்டுமென்றே நீரில் கலந்து அளந்தார்கள். 1987இல் அறிக்கை வந்தது: சுத்திகரித்த நீரில் இயற்கையான வைரஸ் எதுவும் கிடைக்கவில்லை. 1998இல் ஏறத்தாழ 12,000 ஏக்கருக்கு நீர் பாயத் தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையம் இருப்பது மரீனா என்ற ஊருக்குப் பக்கத்தில். ஆம், நம் சென்னைக் கடற்கரையின் பெயர்தான்.

இனி விதிக்கு வருவோம். கழிவுநீர்ப் பாசனத்துக்குக் கலிபோர்னியா முதன்முதலில் விதி வகுத்தது 1918இல். இன்று நடைமுறையில் இருப்பது ‘தலைப்பு 22’ என்ற தொகுப்பு. அதைப் படிக்கும்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: இந்த நீர் எதைத் தொடும்? நாம் உண்ணும் பாகத்தைத் தொடுமா, பக்கத்தில் நிற்கும் மனிதர்மேல் தெறிக்குமா, குடிநீர்க் கிணற்றுக்குள் இறங்குமா? விடைக்கு ஏற்ப நீரின் தரம் மாறுகிறது.

திராட்சைத் தோட்டத்தில் நீர் பழத்தைத் தொடாது என்றால், உயிரியல் முறையில், அதாவது நுண்ணுயிரிகளைக் கொண்டு அழுக்கைச் சிதைத்துச் சுத்திகரித்த நீரே போதும், கிருமிநீக்கம் கட்டாயமில்லை. பருத்தி போன்ற நார்ப் பயிருக்கும் அப்படியே. ஆனால் கறவை மாடு மேயும் புல்வெளி என்றால் கிருமிநீக்கம் வேண்டும், ஏனென்றால் அடுத்து வருவது பால். கீரை, கேரட் போல உண்ணும் பாகத்திலேயே நீர் படும் பயிர்களுக்கு மிக உயர்ந்த தரம்: உயிரியல் சுத்திகரிப்பு, அதன்மேல் வடிகட்டல், அதன்மேல் கிருமிநீக்கம்.

[காட்சி: ஆய்வக மேசை. தாங்கியில் ஐந்து சோதனைக் குழாய்கள், நெருக்கமாக.]

இந்த உயர்ந்த தரத்துக்கான எண் 2.2. கோலிபார்ம் என்பது நீரில் மாசு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா வகை. 100 மில்லி நீரில் அந்தக் கிருமிகளின் 7 நாள் இடைநிலை மதிப்பு, அதாவது அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், 2.2ஐத் தாண்டக் கூடாது. கிருமியில் என்ன தசமப் புள்ளி? இந்தக் குழாய்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 10 மில்லி மாதிரி நீரும் கிருமி வளர்வதற்கான ஊட்டக் கரைசலும் இருக்கின்றன. உள்ளே ஒரு சின்னஞ்சிறு குழாய் கவிழ்ந்து நிற்கிறது. 35 டிகிரி வெப்பத்தில் வைத்தால், கோலிபார்ம் இருக்கும் குழாயில் வாயு உண்டாகி, அந்தக் கவிழ்ந்த குழாயின் உச்சியில் ஒரு குமிழ் தங்கும். மறுசோதனையிலும் ஐந்தில் ஒன்று மட்டும் உறுதியானால், புள்ளியியல் அட்டவணை தரும் மதிப்பு 2.2. ஐந்து குழாயில் ஒரு குமிழ். அவ்வளவுதான் இடம்.

ஆனால் குமிழ் வருகிறதா என்று பார்த்து முடிக்க 48 மணி நேரம் வரை ஆகிவிடும். அதற்குள் நீர் வயலில் பாய்ந்து, கீரை வேரில் இறங்கியிருக்கும். ஆய்வக முடிவை மட்டும் நம்பினால், தவறு நடந்த பிறகுதான் தெரியவரும். இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த இடைவெளியை அடைப்பதுதான்.

முதலில், நீரின் கலங்கலை இடைவிடாமல் அளக்கச் சொல்கிறது. சாதாரண வடிகட்டியில் 24 மணி நேரச் சராசரி 2 என்.டி.யு.வைத் தாண்டக் கூடாது; என்.டி.யு. என்பது கலங்கலை அளக்கும் அலகு. ஒரு கணம்கூட 10ஐத் தாண்டக் கூடாது. கலங்கல் என்பது பார்வைக்கு அழகில்லை என்ற பிரச்சினை மட்டுமா? நுண்ணிய அழுக்குத் துகளுக்குள் வைரஸ் ஒளிந்துகொள்ளும். குளோரின் அதை எட்டாது. நீர் தெளிந்தால்தான் மருந்து வேலை செய்யும்.

அடுத்து குளோரின். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறது என்பதை, நீர் அதனோடு கலந்திருந்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். விடை 450க்குக் குறையக் கூடாது. 5 மில்லிகிராம் என்றால் 90 நிமிடம். ‘கூடுதலாக மருந்து போட்டு அரை மணியில் முடித்துவிடலாமே’ என்றால் அதற்கும் இடமில்லை; 90 நிமிடத் தொடர்பு தனி நிபந்தனை.

[காட்சி: மீண்டும் வயல். கேமரா அறிவிப்புப் பலகையை நெருங்குகிறது.]

நிலையத்தை விட்டு நீர் வெளியே வந்த பிறகும் விதி விடுவதில்லை. குடிநீர்க் கிணற்றைச் சுற்றி 50 அடிக்குள் இந்த உயர்தர நீரைக்கூடப் பாய்ச்சக் கூடாது. கிருமிநீக்கம் செய்யாத நீர் என்றால் 150 அடி. தரம் குறைந்த நீரை வீடுகளுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் 100 அடிக்குள் தெளிப்பு முறையில் பாய்ச்ச முடியாது, காற்றில் திவலை பறக்கும் என்பதால். குடிநீர்க் குழாயோடு எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. ஊதா நிறம் அதற்குத்தான். பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் ‘மறுசுழற்சி நீர், குடிக்காதீர்கள்’ என்ற பலகையும் வேண்டும்.

இவ்வளவு கடுமை எல்லா நாட்டுக்கும் பொருந்துமா? பொருந்தாது என்றே நினைக்கிறேன். சுத்திகரிப்பு நிலையமே இல்லாத ஊரில் 2.2 என்று எழுதி வைத்தால் அது காகிதத்தில் கிடக்கும். விவசாயி சாக்கடையைத்தான் திருப்பிவிடுவார். உலக சுகாதார நிறுவனம் 1989இல் பச்சையாக உண்ணும் பயிருக்கு 100 மில்லியில் 1,000 மலக் கோலிபார்ம், லிட்டருக்கு ஒரு குடற்புழு முட்டை என்று வரம்பு வைத்தது. 2006இல் இன்னும் ஒரு படி சென்று, வயல் முதல் சமையலறை வரை உள்ள ஒவ்வொரு தடுப்பையும் கணக்கில் சேர்த்தது. நல்ல நீரில் காயைக் கழுவினால் கிருமி பத்தில் ஒன்றாகும். தோல் சீவினால் நூறில் ஒன்று. தரையைத் தொடாமல் உயரத்தில் காய்க்கும் பயிருக்குச் சொட்டுநீர் என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. பணமில்லாத ஊர்களில் இந்தக் கணக்கு பல குழந்தைகளை வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்றும்.

[காட்சி: ஸ்ட்ராபெரிப் பாத்தி. மண்ணில் இறங்கும் மாதிரி எடுக்கும் கருவி.]

இந்த எண்கள் எல்லாம் கிருமியைப் பற்றியவை. வடிகட்டலும் குளோரினும் உப்பை எடுப்பதில்லை. வீடுகளில் கடின நீரை மென்மையாக்கும் கருவிகளில் போடும் உப்புகூடச் சாக்கடை வழியாக வயலுக்கே வந்து சேர்கிறது. குளோரைடு ஏறினால் முதலில் வாடுவது ஸ்ட்ராபெரி; இலை ஓரம் கருகத் தொடங்கும். அதனால் காஸ்ட்ரோவில் வயல்களுக்குச் சுத்திகரித்த நீரோடு சலினாஸ் ஆற்று நீரும் கிணற்று நீரும் சேர்ந்து வருகின்றன. அதோடு, எவ்வளவு சோடியம் தங்கியிருக்கிறது என்று அறிய, பாத்திகளில் வெவ்வேறு ஆழங்களில் மண் எடுத்துப் பல ஆண்டுகளாகச் சோதித்து வந்திருக்கிறார்கள்.