கள்ளத்தனமாக நடக்கும் ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். மொழிபெயர்ப்பு வேலையில் என்னை அடிக்கடி தயங்கி நிற்கவைக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஸ்டெல்த். யார் கண்ணிலும் காதிலும் படாமல் நடமாடுவது என்பது அதன் இன்றைய பொருள்.

பிறந்தபோது அதன் பொருள் வேறு. திருடுவதைக் குறிக்கும் ஸ்டீல் என்ற பழைய வினைச்சொல்லிலிருந்து அது வந்தது. எஃகைக் குறிக்கும் ஸ்டீல் வேறு, இது வேறு. ஹீல் என்ற சொல்லோடு ஹெல்த் எப்படிச் சேர்கிறதோ, அப்படித்தான் ஸ்டீலோடு ஸ்டெல்த். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் அதற்குத் திருட்டு என்றே அர்த்தம். திருடுகிறவன் சத்தம் காட்டாமல்தானே வருவான்? போகப்போக, பொருளை எடுத்த கை அந்தச் சொல்லிலிருந்து மறைந்துவிட்டது. மெல்ல வைத்த கால் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் காலைத்தான் ஷேக்ஸ்பியர் 'மேக்பெத்' நாடகத்தில் காட்டுகிறார். தூங்கும் மன்னனைக் கொல்லப் போகுமுன் மேக்பெத் தனக்குள் பேசுகிறான். கொலையே ஓர் உருவமெடுத்து, ஸ்டெல்தி நடை போட்டு, ஆவியைப் போல நகர்கிறது என்கிறான். அங்கே எதுவும் களவு போகவில்லை. ஆனால் திருடனின் நடை அப்படியே இருக்கிறது.

நம் மொழியில் கள்ளம் என்ற சொல்லும் இதே பயணம் போயிருக்கிறது. இரண்டு சொற்களுக்கும் உறவு கிடையாது, போன வழிதான் ஒன்று. 'உள்ளத்தால் உள்ளலும் தீதே பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்' என்கிறது குறள். கள்வேம் என்றால் திருடுவோம். கள்ளத்தால் என்றால் மறைவாக. ஒரே வேரின் இரண்டு பொருளும் ஒரே அடியில்! அப்புறம் தொல்காப்பியத்தின் களவியல். அங்கே களவு என்பது ஊரறியாமல் இருவர் கொள்ளும் காதல். திருட்டு முழுதாக உதிர்ந்து, மறைவு மட்டும் மிஞ்சிய இடம் அது.

இன்று ஸ்டெல்த் போர் விமானத்துக்கும் ஏறிவிட்டது. அமெரிக்காவின் எஃப்-117 விமானம் 1981-இல் பறந்தது. 1988 வரை அது இருப்பதையே அரசு ஒப்புக்கொள்ளவில்லை. ரேடார் அலைகளை வேறு பக்கம் சிதறடிக்கும்படி அதன் உடலைச் சாய்ந்த தட்டைப் பரப்புகளாக அமைத்தார்கள்.

அகராதியைப் பார்த்து எல்லா இடத்திலும் 'திருட்டுத்தனமாக' என்று போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, தொட்டிலை விட்டு மெல்ல விலகும் தாய்க்கும் ஆங்கிலத்தில் அந்த ஸ்டீல்தான் வரும். அவளுக்கு நான் எழுதுவது, 'அரவமில்லாமல் நகர்ந்தாள்'.