ஷேக்ஸ்பியரின் உயிலும் ஊதா மேலங்கியும்

வணக்கம். திரையில் இருக்கும் இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். பொறுங்கள்... ஆம், இங்கேதான். ஷேக்ஸ்பியர் உயிலின் கடைசிப் பக்கம் இது. தேதி 1616 மார்ச் 25. அசல் இப்போது லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இரண்டு வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் நெருக்கியடித்து ஒரு வரி செருகியிருக்கிறார்களே, தெரிகிறதா? "என் மனைவிக்கு என்னுடைய இரண்டாவது சிறந்த படுக்கையை, அதன் சாமான்களோடு கொடுக்கிறேன்." அவ்வளவுதான். சாமான் என்றால் கட்டிலைச் சுற்றித் தொங்கும் திரை, விரிப்பு, போர்வை வகையறா.

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மனைவியை அவமானப்படுத்திவிட்டார் என்று ஒரு கூட்டம், இல்லை, அது அவர்கள் படுத்த கட்டில், பாசம்தான் என்று இன்னொரு கூட்டம். இந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஒரு வரியை வைத்துக் குடும்பத்துக்குள் நடந்ததைச் சொல்ல முடியாது. ஆனால் 'போயும் போயும் ஒரு கட்டிலா' என்று சிரிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் வில்லியம் ஹாரிசன் என்று ஒரு பாதிரியார் இருந்தார். ஊர்ப் பெரியவர்கள் தங்கள் இளமைக் காலத்தைப் பற்றிச் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். வைக்கோல் மேல்தான் படுக்கை, தலைக்கு ஒரு உருண்டைக் கட்டை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு மெத்தையும், தலைக்கு வைத்துக்கொள்ளப் பதர் அடைத்த ஒரு மூட்டையும் வாங்கிவிட்டால், அந்த ஆளுக்கு ஊர்ப் பிரபு மாதிரி நினைப்பாம்! தலையணை பிரசவித்த பெண்களுக்கு மட்டும்தானாம். அப்படிப்பட்ட ஊரில் திரையோடும் விரிப்போடும் ஒரு படுக்கை என்றால் அதன் மதிப்பே வேறு.

சரி, படுக்கையை விடுங்கள். எனக்கு அந்த உயிலில் பிடித்தது தங்கை ஜோன் பற்றிய பகுதி. அவளுக்கு 20 பவுண்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் ஹென்லி தெருவில் இருந்த அவருடைய வீட்டில் ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமை, வருஷ வாடகை வெறும் 12 பென்ஸ். அப்புறம், 'நான் உடுத்திய துணிகள் எல்லாம்'. தங்கைக்கு எதற்கு ஆண்பிள்ளைத் துணி? உயிலில் காரணம் இல்லை. ஆனால் அன்றைக்கு நல்ல துணி காசு மாதிரி. அவளுக்கு மூன்று பையன்கள். வெட்டித் தைத்துப் போட்டுக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். தொப்பி செய்யும் தொழில் பார்த்த அவள் கணவரை ஏப்ரல் 17 அன்று புதைத்தார்கள். ஆறே நாளில், 23 அன்று, அண்ணனும் போய்விட்டார்.

துணி கைமாறும் கதை இதோடு முடியவில்லை. 1599-இல் லண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் ஒன்றைக் கவனித்தார். பிரபுக்கள் சாகும்போது தங்களுடைய நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு எழுதி வைப்பார்கள். வேலைக்காரன் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பொருத்தமாகவா இருக்கும்? அதனால் சொற்பக் காசுக்கு நாடகக்காரர்களிடம் விற்றுவிடுவான். ஆக, மேடையில் ராஜா போட்டிருந்தது செத்துப்போன ஒரு நிஜப் பிரபுவின் சட்டையாகவே இருந்திருக்கலாம்.

அந்த நாடகக்காரர்களும் உயில் எழுதினார்கள். ஷேக்ஸ்பியர் கம்பெனியில் நடித்த அகஸ்டின் பிலிப்ஸின் உயில் 1605-ஐச் சேர்ந்தது. அதில் ஷேக்ஸ்பியருக்கு 30 ஷில்லிங் தங்கக் காசு ஒன்று. தன்னிடம் முன்பு தொழில் கற்ற சாமுவேல் கில்பர்னுக்கு 40 ஷில்லிங், எலி நிற வெல்வெட் கால்சட்டை, வெள்ளை டஃபேட்டாப் பட்டுச் சட்டை, கறுப்பு டஃபேட்டா உடுப்பு, ஊதா மேலங்கி, வாள், குத்துவாள், வில் போட்டு வாசிக்கும் பெரிய வயோல். சும்மா 'என் துணிமணிகள்' என்று எழுதவில்லை பாருங்கள். நிறம் சொல்கிறார், துணி சொல்கிறார். பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு அந்த எலி நிறக் கால்சட்டையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

அப்போது அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த இன்னொரு பையன் ஜேம்ஸ் சாண்ட்ஸ். அவனுக்கு 40 ஷில்லிங்கோடு சிட்டர்ன், பண்டோர், லூட் என்று மூன்று தந்தி வாத்தியங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: ஒப்பந்தப்படி அவன் பயிற்சிக் காலம் முடிந்த பிறகுதான் கையில் கொடுக்க வேண்டும். குரு போன பிறகும் பாடத்தை முடித்தால்தான் லூட்!

கேமராவில் பேட்டரி சிவப்பு காட்டுகிறது. சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன்.