யாங்கி ஸ்டேடியத்துல ஜெபம் பண்ண போதகர் சஸ்பெண்ட்! அமெரிக்க லுத்தரன் சபைக்குள்ள என்ன நடந்தது?

ஒரு போதகர் ஜெபம் பண்ணினாரு. அதுக்காக அவரோட சொந்த சபையே அவரை சஸ்பெண்ட் பண்ணிச்சு. கள்ள உபதேசம் எதுவும் சொல்லல, காணிக்கைப் பணத்துல கை வைக்கல. இயேசுவோட விலையேறப்பெற்ற நாமத்துல கேட்டுத்தான் ஜெபத்தை முடிச்சாரு. அப்புறம் ஏன்? இன்னைக்கு வீடியோ முழுக்க இதைப் பத்திதான்.

வணக்கம் மக்களே! 1517-ல மார்ட்டின் லூத்தர் ஜெர்மனியில விட்டன்பர்க்ல கத்தோலிக்க சபையை எதிர்த்துக் கேள்வி கேட்டது, அதுல இருந்து லுத்தரன் சபை பிறந்தது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், தாண்டிப் போயிடறேன். இன்னைக்கு அமெரிக்காவுல லுத்தரன்னு சொன்னா முக்கியமா மூணு சபை. பெருசு இ.எல்.சி.ஏ., அதாவது இவாஞ்சலிகல் லுத்தரன் சர்ச் இன் அமெரிக்கா. 1988-ல மூணு சபைங்க இணைஞ்சு உருவானது, தலைமையகம் சிகாகோ. ரெண்டாவது மிசூரி சினட், தலைமையகம் செயின்ட் லூயிஸ். சினட்னா பல சபைகள் சேர்ந்த அமைப்பு. மூணாவது விஸ்கான்சின் சினட். மூணுக்குமே 1530-ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைதான் அடித்தளம். மூணுலயும் பிள்ளைங்க லூத்தர் எழுதின அதே சிறிய ஞானோபதேசத்தைத்தான், அதாவது விசுவாசத்தோட கேள்வி-பதில் பாடத்தைத்தான், படிக்கிறாங்க. ஆனா மூணு பேரும் ஒரே பீடத்துல நற்கருணை எடுக்கிறது கிடையாது.

சரி, ஸ்டேடியத்துக்கு வருவோம்.

[திரையில்: நியூயார்க், 23 செப்டம்பர் 2001, ஞாயிறு]

இரட்டைக் கோபுரம் விழுந்து 12 நாள்தான் ஆகுது. யாங்கி ஸ்டேடியத்துல ஊரே கூடியிருக்கு. காணாமப் போனவங்களோட போட்டோவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு குடும்பங்க உக்காந்திருக்காங்க. ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியை நடத்துறாங்க. மேடையில கத்தோலிக்க கர்தினால், யூத ரபிகள், இமாம், சீக்கியர், இந்து மதத் தலைவர்னு எல்லாரும் இருக்காங்க. அவங்களோட மிசூரி சினட்டின் அட்லாண்டிக் மாவட்டத் தலைவர் டேவிட் பென்கியும் நிக்கிறாரு. புரூக்ளின்ல ஊழியம் செய்யுற போதகர். பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கோங்கன்னு கூட்டத்தைக் கேட்டுக்கிட்டு ஜெபிச்சாரு, இயேசுவின் நாமத்துல முடிச்சாரு, இறங்கிட்டாரு. அவ்ளோதான்.

கொஞ்ச நாள்லயே சொந்த சினட்டைச் சேர்ந்த போதகர்களே அவர் மேல புகார் கொடுத்தாங்க. குற்றச்சாட்டுல முக்கியமா ரெண்டு வார்த்தை: யூனியனிசம், சிங்க்ரெடிசம். அதாவது, உபதேசத்துல ஒத்துப்போகாத கிறிஸ்தவங்களோட சேர்ந்து ஆராதிச்சது ஒண்ணு. மத்த மதத்தாரோட ஒரே மேடையில ஜெபிச்சு, எல்லா தெய்வமும் ஒண்ணுதான்னு ஜனங்க நினைக்க இடம் கொடுத்தது இன்னொண்ணு. 2002-ல சினட்டோட துணைத் தலைவர்கள்ல ஒருத்தரான வாலஸ் ஷுல்ஸ் இவரை சஸ்பெண்ட் பண்ணினாரு. இத்தனைக்கும் பென்கி அந்த மேடைக்குப் போனது சினட் தலைவர் ஜெரால்ட் கீஷ்னிக்கோட சம்மதத்தோட! 2003-ல மேல்முறையீட்டுக் குழு அந்த சம்மதத்தை முக்கியமா எடுத்துக்கிட்டு அவரை விடுவிச்சுது.

'என்னய்யா இது, இவ்ளோ கல்நெஞ்சா?'ன்னுதான் முதல்ல தோணும். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனா இந்த மிசூரி சினட்காரங்க அமெரிக்கா வந்த கதையைப் படிச்சப்போ ஆடிப்போயிட்டேன். இதை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஸ்கிப் பண்ணாதீங்க.

1817-ல பிரஷ்ய ராஜா மூணாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம், லுத்தரன் சபையையும், கால்வின் வழி வந்த சீர்திருத்த சபையையும் ஒண்ணா இணைக்க உத்தரவு போட்டாரு. நற்கருணையில கிறிஸ்துவோட சரீரம் மெய்யாவே இருக்குன்னு லுத்தரன்கள் நம்புறாங்க. சீர்திருத்த சபை அதை அப்படி ஏத்துக்கல. அரசாங்கம் என்ன பண்ணிச்சு தெரியுமா? ரெண்டு பேரும் ஒரே மேசையில வாங்கிக்கோங்கன்னுச்சு. மறுத்த போதகர்களை ஜெயில்ல போட்டாங்க. பக்கத்து சாக்சனியிலயோ, பகுத்தறிவுவாதம் பிரசங்க பீடத்தையே பிடிச்சுக்கிச்சு. இப்படியே போனா நம்ம பிள்ளைங்க விசுவாசம் என்ன ஆகும்னு பயந்த சாக்சன் லுத்தரன்கள் 1838-ல வீடு வாசலை வித்துட்டு பிரேமன் துறைமுகத்துல அஞ்சு கப்பல் ஏறினாங்க. நாலு கப்பல் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்துது. அமாலியாங்கிற அஞ்சாவது கப்பல் என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதுல இருந்த ஒருத்தர்கூட திரும்பல.

யோசிச்சுப் பாருங்க. ஒத்துக்காத உபதேசத்தோட கைகோக்க மாட்டோம்னு சொல்லி ஒரு கப்பல் ஜனத்தையே கடலுக்குக் கொடுத்தவங்க. 1847-ல சிகாகோவுல இவங்களும் சேர்ந்து மிசூரி சினட்டை உருவாக்கினப்போ, சட்ட திட்டத்துலயே எழுதி வெச்சுட்டாங்க: எந்த விதமான யூனியனிசமும் சிங்க்ரெடிசமும் கூடாது. 154 வருஷம் கழிச்சு பென்கி மேல பாய்ஞ்சது அந்த வரிதான்.

அதுக்காக மத்தவங்களோட ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஊர்ல சில பங்காளி வீடுங்க இருக்கும். நல்லது கெட்டதுக்கு முன்னால வந்து நிப்பாங்க, ஆனா பந்தியில கை நனைக்க மாட்டாங்க. அதே மாதிரிதான். லுத்தரன் வேர்ல்ட் ரிலீஃப்புங்கிற நிவாரண அமைப்புக்கு மிசூரி பெண்களும் தைக்கிறாங்க, இ.எல்.சி.ஏ. பெண்களும் தைக்கிறாங்க. சர்ச் பேஸ்மென்ட்ல நீள மேசை போட்டு, பழைய துணியைச் சதுரம் சதுரமா வெட்டி ஒட்டுப் போட்டு, உள்ள ஒரு அடுக்கு கொடுத்து, அங்கங்க கம்பளி நூலால முடிச்சு போட்டுப் போர்வை பண்றாங்க. ஒரு பக்கம் காபி ஓடிக்கிட்டே இருக்கும். போர்வை ரெண்டு சபையிலிருந்தும் ஒரே இடத்துக்குப் போகுது. ஆனா ஞாயித்துக்கிழமை மிசூரி சபைக்குள்ள விருந்தாளியா போனீங்கன்னா, ஆராதனைத் தாள்லயே பெரும்பாலும் ஒரு குறிப்பு இருக்கும்: நற்கருணை எடுக்கணும்னா முதல்ல போதகர்கிட்ட பேசுங்க. இ.எல்.சி.ஏ. சபைகள்ல பொதுவா ஞானஸ்நானம் வாங்கினவங்களை வரவேற்கிறாங்க. எபிஸ்கோபல், பிரெஸ்பிடீரியன், மெத்தடிஸ்ட் சபைகளோட முழு நற்கருணை ஐக்கியமே இருக்கு. விஸ்கான்சின் சினட்டுக்கோ மிசூரியே போதாது, 1961-ல அவங்களோட உறவை முறிச்சுக்கிட்டாங்க.

பெண் போதகர் விஷயமும் இருக்கு. இ.எல்.சி.ஏ.ல உண்டு, மத்த ரெண்டுலயும் இல்ல. அது தனி வீடியோவுக்கான விஷயம்.

நம்ம மண்ணுக்கும் இது வந்திருக்கு! கிருஷ்ணகிரி, ஆம்பூர், நாகர்கோவில் பக்கம் ஐ.இ.எல்.சி., அதாவது இந்தியா இவாஞ்சலிகல் லுத்தரன் சர்ச் சபை பார்த்திருப்பீங்களே, அது மிசூரி சினட் போட்ட விதை. வேதாகமம் தேவ ஏவுதலால வந்ததுங்கிற உபதேசத்துல தகராறு வந்து, ஜெர்மனியோட லைப்சிக் மிஷனை விட்டு வெளியே வந்த தியோடர் நேதர் 1895-ல கிருஷ்ணகிரியில மிசூரிக்காக ஊழியத்தைத் தொடங்கினாரு. தரங்கம்பாடி வழி வந்த டி.இ.எல்.சி. (தமிழ் இவாஞ்சலிகல் லுத்தரன் சர்ச்) ஒரு பக்கம், ஐ.இ.எல்.சி. ஒரு பக்கம்னு தமிழ்நாட்டுல ரெண்டு லுத்தரன் சபை இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

என் கருத்தைச் சொல்லிடறேன். நான் பென்கி பக்கம்தான். யாரோட நிக்கிறோம்ங்கிறதும் ஒரு பிரசங்கம்தான், மிசூரிக்காரங்க கேக்கிற கேள்வி நியாயமானது. ஆனா அன்னைக்கு அந்தக் குடும்பங்களுக்கு முன்னால இயேசுவோட நாமத்தைச் சொல்ல ஆள் இல்லாம போயிருந்தா, அந்த மௌனமும் ஒரு பிரசங்கமாத்தானே ஆகியிருக்கும்?

கதை 2003-ல முடியல. 2012 டிசம்பர்ல நியூடவுன் பள்ளியில 20 குழந்தைங்க சுட்டுக் கொல்லப்பட்டாங்க. ஒபாமா வந்திருந்த அஞ்சலிக் கூட்டத்துல, அந்த ஊர் மிசூரி போதகர் கடைசி ஆசீர்வாதம் சொன்னாரு. மறுபடியும் அதே புகார். அப்போ சினட் தலைவரா இருந்த மத்தேயு ஹாரிசன் கேட்டுக்கிட்டதால அந்தப் போதகர் மன்னிப்புக் கேட்டாரு. நாடே கொதிச்சுது. அப்புறம் ஹாரிசனே, இந்த விஷயத்தை நான் கையாண்ட விதம் தப்புன்னு மன்னிப்புக் கேட்டாரு.

உங்க சபையில பொது அஞ்சலிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டா போதகர் போவாரா? போகலாமா? கமெண்ட்ல எழுதுங்க, கண்டிப்பா படிப்பேன். அடுத்த வீடியோ 1974-ல செயின்ட் லூயிஸ்ல இருக்கிற மிசூரி சினட்டோட இறையியல் கல்லூரியான கன்கார்டியா செமினரியில ஆசிரியர்களும் மாணவர்களும் கூட்டமா வெளிநடப்பு பண்ணின கதை. சப்ஸ்கிரைப் பண்ணி வெச்சுக்கோங்க.